முழங்கையைத் தூக்கினால் தோள் வலிக்கிறதே!

கேள்வி: சின்ன வயதில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி, எங்கள் நிலத்துக் கிணற்றில் நீச்சல் கற்றவன் நான். இப்போது 41 வயதில் வேலூரில் ஒரு நீச்சல் குளத்துக்குப் போகிறேன். ஃப்ரீஸ்டைலில் கை வெளியே வரும்போது முழங்கையை மேலே தூக்கச் சொல்கிறார் பயிற்சியாளர். தூக்கினால் தோள்பட்டை வலி, இரண்டு சுற்றிலேயே கை கனத்துப்போகிறது. பழையபடி கையை நீட்டி வீசினால் தப்பா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: தப்பெல்லாம் இல்லை. ஆனால் உங்கள் சிக்கல் முழங்கையில் இல்லை, கிணற்றில் இருக்கிறது. கிணற்றில் நாம் எல்லாருமே தலையைத் தூக்கிக்கொண்டுதான் நீந்தினோம், மேட்டிலிருந்து எவன் தலைமேல் குதிப்பான் என்று பார்க்க வேண்டாமா! தலை மேலே போனால் இடுப்பு கீழே போகும், நெஞ்சு பலகை மாதிரி தட்டையாகக் கிடக்கும், உடம்பு பக்கவாட்டில் உருளாது. படியிலிருந்து மோட்டார் குழாய் வரை பத்து கை போட அது போதும், 25 மீட்டர் குளத்துக்குப் போதாது.

ஒன்று செய்து பாருங்கள். இடுப்பை மடக்கிக் குனிந்து, உடம்பைத் திருப்பாமல் ஒரு முழங்கையை மட்டும் கூரையைப் பார்த்துத் தூக்குங்கள். முதுகு மட்டத்தோடு பிடித்துக்கொள்ளும். அப்படியே அந்தப் பக்கத் தோளை மேலே திருப்பிவிட்டுத் தூக்குங்கள், தானாகப் போகும். தண்ணீரிலும் அவ்வளவுதான், உடல் உருளுவதுதான் முழங்கையைத் தூக்குகிறது, தோள் தசை இல்லை. உருளாமல் வலுக்கட்டாயமாகத் தூக்கினால் தோள் எலும்புக்கு அடியில் தசைநாண் நசுங்கும். உங்கள் வலி பெரும்பாலும் அதுதான்.

கை தண்ணீருக்கு வெளியே இருக்கிற அந்த ஒரு நொடிதான் அதற்கு ஓய்வு. தொடைப் பக்கத்தில் முழங்கை முதலில், விரல்கள் கடைசியில் வெளியே வரட்டும், முன்கை காயப்போட்ட துணி மாதிரி தொங்கட்டும். விரல் நுனியால் தண்ணீரில் கோடு கிழித்தபடியே கையை முன்னே கொண்டுபோய், தோளுக்கு நேர் முன்னால் இறக்குங்கள், தலைக்குக் குறுக்கே வேண்டாம். தினமும் நாலு சுற்று இதை மட்டும் மெதுவாகச் செய்தால் போதும்.

அப்புறம், நீட்டி வீசுவது: 1988 சியோல் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வாங்கிய ஜேனட் எவன்ஸ் காற்றாலை மாதிரி கையை நீட்டித்தான் வீசுவார், 1989-இல் அவர் வைத்த 800 மீட்டர் சாதனை 2008 வரை நின்றது. அந்த வீச்சுக்கும் உடல் உருளத்தான் வேண்டும்.

வலி இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் எலும்பு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஊர்ப் பக்கம் போய், கிணற்றில் தண்ணீரும் இருந்தால், அங்கே தலையைத் தூக்கியே நீந்துங்கள். குதிக்கிறவன் இன்னும் மேட்டில்தான் நிற்பான்.