தந்திக் கம்பி வழியே சரியான நேரத்தை எப்படி அனுப்பினார்கள்?

துல்லியமான ஒரு கடிகாரத்தின் துடிப்பைக் கம்பியில் ஏற்றி, தொலைவில் இருப்பவர் காதுக்குக் கொண்டுசேர்ப்பதே நேர சமிக்ஞை. அமெரிக்கக் கடற்படை வானாய்வகம் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைச் செய்தது. நட்சத்திரங்களைப் பார்த்துத் திருத்திய கடிகாரம் நொடிக்கொரு முறை மின்சுற்றை இணைத்துப் பிரிக்க, ஊர் ஊராகத் தந்திக் கருவிகள் 'டக்' என்றன.

சிக்கல் இங்கேதான். எல்லா 'டக்'கும் ஒன்றுபோலவே கேட்கும்; எது 12 மணி? அதனால், பின்னர் நிலைபெற்ற முறைப்படி, 11:55-க்குத் தொடங்கி ஒவ்வொரு நிமிடத்திலும் 29ஆம் நொடியையும் கடைசி 5 நொடிகளையும் விட்டுவிடுவார்கள். இறுதி நிமிடத்தில் மட்டும் கடைசி 10 நொடி மௌனம். அடுத்த தட்டுதான் நண்பகல். நாற்காலிப் போட்டியில் பாட்டு நின்றதும் எல்லோரும் உஷாராவார்களே, அதுபோல மௌனமே எச்சரிக்கை.

கருவியின் நெம்புகோல் இறங்கும்போது ஒரு சத்தம், ஏறும்போது இன்னொன்று. முதல் சத்தமே கணக்கு. இரண்டாவதைப் பிடித்தால் கடிகாரம் பிந்தும். நெடுந்தூரக் கம்பியில், வலுவிழந்த துடிப்பைப் புதுப்பித்து அடுத்த கம்பிக்கு அனுப்பும் ஒவ்வொரு 'ரிலே' கருவியும் சிறு தாமதம் சேர்க்கும். கடிகாரக் கடைக்காரருக்கு அது பொருட்டே அல்ல.

"மணி 12" என்று மோர்ஸில் (புள்ளியும் கோடுமாக எழுத்துகளை அனுப்பும் தந்திக் குறியீட்டில்) செய்தி வந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். நேர சமிக்ஞையில் எழுத்தே கிடையாது; இருந்திருந்தால், படித்து முடிப்பதற்குள் 12 மணி கடந்திருக்கும்.