நர்ஸம்மாவிடம் கேளுங்கள்

கடலூர் மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். எது வேண்டுமானாலும் கேளுங்கள். மாத்திரை அளவு மட்டும் கேட்காதீர்கள், ஆளைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

குறிஞ்சிப்பாடி: அக்கா, துணை சுகாதார நிலையத்தால் ஊருக்கு என்ன வருமானம், அதற்குப் பதில் ரோடு போடலாம் என்கிறார் எங்கள் மாமா.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற பெண்களிடம் மாமா கேட்கட்டும். சர்க்கரை மாத்திரைக்கு டவுனுக்குப் போனால் அன்றைய கூலி போச்சு, பஸ்ஸுக்கு ஒரு செலவு, துணைக்கு வருகிறவரின் கூலியும் போச்சு. மாத்திரை இலவசம்தான், போய்வருகிற நாள் இலவசமில்லையே. அதனால் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளுவார்கள். முந்திரிக் கொட்டை ஓட்டின் பால் பட்டுக் கையெல்லாம் வெந்து கிடக்கும்போது காலில் முள் குத்திய புண்ணை யார் பெரிதாக நினைப்பார்கள்? சர்க்கரை ஏறிய உடம்பில் அது ஆறாது. விரலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகு தோடு அடகுக் கடைக்குப் போகும், ஆடு சந்தைக்குப் போகும், மகள் படிப்பை விட்டு அதே முந்திரிக் கொட்டகைக்குப் போவாள். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கி, துணை நிலையம் வழியாக மாத்திரை வீட்டுக்கே வந்ததில் மிச்சமானது இந்தக் கூலி நாள்தான். ரோடும் வேண்டும், 108 வருவதற்காகவாவது. அதற்காக மாத்திரை வருவதை நிறுத்தாதீர்கள்.

நெல்லிக்குப்பம்: முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை எப்படி வாங்குவது?

ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. நோய் வருமுன் வாங்குங்கள்.

புவனகிரி: கரும்புக் கொல்லையில் பாம்பு கடித்தால் கயிறு கட்டலாமா?

கூடாது. கீறவும் கூடாது, உறிஞ்சவும் கூடாது. மோதிரம், கொலுசைக் கழற்றி, கடித்த கையையோ காலையோ அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலியோ தடமோ இல்லாமலும் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, இமை தூக்க முடியவில்லை என்றால் வாயு என்று கஷாயம் போடாதீர்கள்.

விருத்தாசலம்: காப்பீட்டு அட்டைக்கு என்ன செய்ய வேண்டும்?

நெல்லிக்குப்பத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கடலூர் முதுநகர்: எதற்கு அலைச்சல், நேரே புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போனால் முடிந்தது.

புதுச்சேரி: நீங்கள் எல்லாரும் இப்படி வந்தால் எங்களுக்கு எப்போது டோக்கன் கிடைக்கும்?

கடலூர் முதுநகர்: ஜிப்மர் என்ன உங்கள் ஊர்ச் சொத்தா?

இரண்டு பேரும் நிறுத்துங்கள். அது மத்திய அரசுடையது, 2008-இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாகவும் ஆகிவிட்டது, யார் வேண்டுமானாலும் போகலாம். ஆனால் பிரஷர் மாத்திரைக்கும் சளிக்கும் ஜிப்மர் இருக்கிற கோரிமேட்டில் போய் நின்றால், உங்கள் நாளும் போச்சு, புற்றுநோயோடு பின்னால் நிற்பவரின் நாளும் போச்சு. கடலூர் அரசு ஆஸ்பத்திரி, அதுதான் ஜிஎச், இருக்கிறது, சிதம்பரத்து மருத்துவக் கல்லூரியும் இப்போது அரசுடையதுதான்.

கடலூர் முதுநகர்: ஜிஎச்சில் யார் கவனிக்கிறார்கள்?

கிட்டே இருப்பதை எல்லாரும் தாண்டிப் போனால் அங்கே டாக்டர் போடச் சொல்லி யார் கேட்பது? ஊரில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம், 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்பது கணக்கு. குறைந்தால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள், என்னிடம் கோபித்துப் பயனில்லை.

பரங்கிப்பேட்டை: அப்பாவுக்கு பிரஷர் சரியாகிவிட்டது, மாத்திரையை விடலாமா?

மாத்திரை போடுவதால்தான் சரியாக இருக்கிறது. நிறுத்தாதீர்கள்.

திட்டக்குடி: காப்பீட்டு அட்டை...

நெல்லிக்குப்பம்.