நெகட்டிவ் ஸ்கான்: பெட்டியில் எழுதிய எண்ணை நம்பலாமா?

பழைய நெகட்டிவ்களைக் கணினிக்கு ஏற்றுவது பற்றி யாழ்ப்பாணத்து நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கொக்குவில்: அண்ணை, எப்சன் வி600 ஸ்கானர் பெட்டியில் 6400 டிபிஐ என்று கிடக்கு. நிக்கோனின் பிலிம் ஸ்கானர் கூல்ஸ்கான் 5000 வெறும் 4000தான். பிறகேன் எல்லாரும் நிக்கோனைத் தலையில் தூக்கி வைத்திருக்கினம்?

தம்பி, 6400 என்பது சென்சார் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி எடுக்கிறது என்ற கணக்கு மட்டும்தான். அந்தப் புள்ளிகளில் சரக்கு இருக்கிறதா என்பது லென்ஸின் கையில் உள்ளது. யுஎஸ்ஏஎஃப் 1951 என்ற சோதனைத் தகட்டை ஸ்கான் செய்து, மெல்லிய கோடுகள் எந்த இடத்தில் ஒன்றோடொன்று கலக்கின்றன என்று பார்ப்பார்கள். அதில் வி600 சுமார் 1600 வரைதான் தேறுகிறது. எப்சனின் வி700, வி850 இரண்டும் 2300 அளவில் நிற்கும். பிளஸ்டெக் 8200, 7200 என்று சொல்லிக்கொண்டு 3200க்குக் கொஞ்சம் மேலே வரும். சொன்ன சொல்லுக்குக் கிட்ட நிற்பது கூல்ஸ்கான்தான்: 3900 அளவு.

35 மிமீ படம் ஒன்றை வி600இல் 6400 வைத்து எடுத்தால் கோப்பில் ஐந்தரைக் கோடி பிக்சல். உண்மையான விவரமோ 35 லட்சத்துக்குள். ஒரு சுண்டுப் பாலில் ஒரு வாளி தண்ணீர்!

சாவகச்சேரி: பழைய வி700 ஒன்று வாங்கினேன். நடுவில் கூர்மை, ஓரமெல்லாம் மங்கல். பழுதோ?

பெரும்பாலும் பிலிம் வளைந்திருக்கும். வி700க்குத் தானாகக் குவியம் பிடிக்கத் தெரியாது. உறையோடு தடித்த புத்தகங்களுக்கு அடியில் சில நாள் வையுங்கள். அப்புறம் பிலிமைப் பிடிக்கும் ஹோல்டரின் கால்களை மாற்றி மாற்றிப் போட்டு, உயரத்துக்கு ஒன்றாக ஒரே படத்தை எடுத்துப் பாருங்கள். மென்பொருளில் கூர்மை கூட்டும் வசதியை நிறுத்திவிடுங்கள். ஒப்பிடும்போது முகத்தையோ கண்ணிமையையோ பார்க்க வேண்டாம். படம் எடுத்த அன்றைக்கே குவியம் தவறியிருக்கலாம். பிலிமின் மணிகளை, அதாவது படத்தை உருவாக்கும் நுண்துகள்களைப் பாருங்கள். அவை தெளிவாகத் தெரியும் உயரமே சரியான உயரம்.

நல்லூர்: அப்பாவின் ஸ்ரூடியோ நெகட்டிவ்கள், 120 அளவு (35 மிமீயை விட அகலமான பிலிம்), கறுப்பு வெள்ளை. தூசி நீக்கும் டிஜிட்டல் ஐஸ் வசதியைப் போட்டால் படமே சிதைகிறது.

நிறுத்திவிடுங்கள் தங்கச்சி. ஐஸ் அகச்சிவப்பு ஒளியால் தூசியைக் கண்டுபிடிக்கிறது. கறுப்பு வெள்ளைப் பிலிமில் இருக்கும் வெள்ளி அந்த ஒளியையும் மறைப்பதால், படத்தையே தூசி என்று நினைத்து அழிக்கப் பார்க்கும். காற்றூதி போதும். கூல்ஸ்கான் 5000ஐத் தேடவும் வேண்டாம், அதில் 120 போகாது. ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர் நெகட்டிவில் வி850இன் 2300ஏ இரண்டரைக் கோடி பிக்சல் தரும்.

பருத்தித்துறை: கமெராவாலேயே எடுத்தால் என்ன?

நானென்றால் அதைத்தான் செய்வேன். நிக்கோன் கூல்ஸ்கானை நிறுத்திக் கனகாலம்; பழுதானால் திருத்துவது பெரும்பாடு. 24 மெகாபிக்சல் கமெரா, படத்தை அதே அளவில் சென்சாரில் பதிக்கும் ஒன்றுக்கு ஒன்று மாக்ரோ லென்ஸ், நல்ல வெள்ளை ஒளிப்பலகை, லென்ஸின் துளை எஃப்8. கமெரா சரிந்திருந்தால் ஒரு பக்கம் மங்கும். அதற்கு, பிலிம் வைக்கும் இடத்தில் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றை வைத்துக் கமெராவுக்குள்ளால் பாருங்கள். லென்ஸ் தன்னைத்தானே நட்டநடுவில் பார்த்தால் சரி. நிற நெகட்டிவின் செம்மஞ்சளை நீக்கி நிறங்களைப் புரட்டி எடுப்பதுதான் வேலை மினக்கெட்டது.

உரும்பிராய்: பூஞ்சணம் பிடித்ததைக் கழுவிவிட்டு ஸ்கான் செய்யலாமா?

தண்ணீரே காட்டாதீர்கள் ஐயா. படத்தைத் தாங்கும் ஜெலட்டினைப் பூஞ்சணம் தின்றிருந்தால், அது தண்ணீரில் கரைந்து படத்தோடு போய்விடும். முதலில் அப்படியே ஸ்கான் செய்து வையுங்கள், துடைப்பதைப் பிறகு யோசிக்கலாம்.