பகல் சுருங்கினால் மனசும் சுருங்குகிறதே, டாக்டர்?

கேள்வி: எனக்கு 34 வயது. மூன்று வருடமாக, பகல் குறையும் மாதங்கள் வந்தாலே காலையில் எழவே முடிவதில்லை. பத்து மணி நேரம் தூங்கியும் அசதி போகவில்லை. இனிப்பாகத் தின்று எடை கூடுகிறது. யாரோடும் பேசப் பிடிப்பதில்லை. வெயில் திரும்பியதும் சரியாகிவிடுகிறேன். வீட்டில் 'சோம்பேறி' என்கிறார்கள். இது நோயா, என் சுபாவமா?

பதில்: அந்தச் 'சோம்பேறி' பட்டத்தை முதலில் தூக்கிப் போடுங்கள். நீங்கள் எழுதியிருப்பது பருவகால மனச்சோர்வோடு அப்படியே பொருந்துகிறது. 1984இல் அமெரிக்க மனநல மருத்துவர் நார்மன் ரோசந்தாலும் அவர் குழுவினரும் இதைத் தனியாக அடையாளம் கண்டு எழுதினார்கள். மற்ற மனச்சோர்வுகளில் பெரும்பாலும் தூக்கமும் பசியும் குறையும். இதில் இரண்டும் கூடும். பார்ப்பவர்களுக்கு அது சோம்பலாகத் தெரிந்துவிடுகிறது, பாவம்.

காலை வெளிச்சம் கண் வழியே போய், மூளையில் இருக்கும் கடிகாரத்துக்குத் தினமும் நேரம் சொல்லிக்கொடுக்கிறது. விடியல் தள்ளிப்போனால் அந்தக் கடிகாரம் பின்தங்கி, தூக்கமும் மனநிலையும் தடம் மாறுகின்றன. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். வீட்டு விளக்கு எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் சில நூறு லக்ஸ்தான். மேகம் மூடிய பகலிலும் வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் கிடைக்கும். அதனால் விடிந்ததும் அரை மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள்.

அது போதவில்லை என்றால் ஒளி சிகிச்சை விளக்கு இருக்கிறது. 10,000 லக்ஸ் தருவதாகவும், புற ஊதாக் கதிரை வடிகட்டுவதாகவும் பார்த்து வாங்குங்கள். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் 20 முதல் 30 நிமிடம், தினமும். பலர் அதை அறையின் மூலையில் வைத்துவிட்டு 'பலனே இல்லை' என்பார்கள். தள்ளி வைத்தால் வெளிச்சம் மளமளவென்று குறைந்துவிடும். மேசையில், முகத்திலிருந்து ஒன்றரை அடி தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். விளக்கையே உற்றுப் பார்க்க வேண்டாம். செய்தித்தாள் படித்தபடி உட்கார்ந்தால் போதும். ஓரிரு வாரத்தில் வித்தியாசம் தெரியும். மாலையில் உட்கார்ந்தால் இராத் தூக்கம் கெடும்.

பைபோலார், அதாவது சோர்வும் அதீத உற்சாகமும் மாறி மாறி வரும் மனநோய், இருப்பவர்களை இந்த விளக்கு அதீத உற்சாக நிலைக்குத் தள்ளிவிடலாம். விழித்திரைக் கோளாறு உள்ளவர்களும், வெளிச்சம் ஒத்துக்கொள்ளாத மருந்து சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. தைராய்டு குறைவும் ரத்தசோகையும் இதே அசதியைத் தரும் என்பதால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வைட்டமின் டி மாத்திரையை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

'வெளியே போய் என்ன ஆகப்போகிறது' என்ற எண்ணத்தையே கையாளக் கற்றுத்தரும் சிபிடி (அறிவாற்றல் நடத்தை சிகிச்சை) என்ற பேச்சு சிகிச்சையும் நல்ல பலன் தரும். தேவைப்பட்டால் மாத்திரைகளும் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உயிரோடு இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லி, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

போன வருடம் எந்த வாரத்தில் இது ஆரம்பித்தது என்று நினைவிருக்கிறதா? இந்த வருடம் அதற்கு இரண்டு வாரம் முன்பே நடையைத் தொடங்குங்கள். வீட்டாரில் ஒருவரையும் கூட அழைத்துப் போங்கள்.