காற்று எந்த வழியாக வருகிறது? கேஸ் ஹீட்டர் பற்றி வாசகர் கேள்விகள்

குளிர்காலம் நெருங்கினால் அறையைச் சூடாக்கும் கேஸ் ஹீட்டரைப் பற்றித்தான் எனக்கு அதிகம் கடிதம் வரும். முப்பத்தோரு வருடம் இவற்றைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதுமாக இருந்தவன் நான். எவ்வளவு சூடு தரும், எவ்வளவு கேஸ் பிடிக்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எரிந்த புகை எங்கே போகிறது, எரியத் தேவையான காற்று எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்கள் குறைவு. அப்படிக் கேட்டவர்களின் கடிதங்களை இந்த முறை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

சுவரில் துளை வேண்டாம், புகைக்குழாய் வேண்டாம், சிலிண்டரை மாட்டினால் போதும் என்று கடைக்காரர் ஒரு ஹீட்டரைக் காட்டுகிறார். எங்கள் படுக்கையறை சிறியது. வாங்கலாமா?

படுக்கையறைக்கு வேண்டாம். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

ஒரு கிலோ சிலிண்டர் கேஸ் முழுதாக எரிய ஏறத்தாழ 12 கன மீட்டர் காற்று வேண்டும். எரிந்து முடிந்ததும் மூன்று கிலோ கார்பன் டை ஆக்சைடும், ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீரும் ஆவியாக வெளியே வரும். நாலு கிலோவாட் ஹீட்டர் ஒரு கிலோ கேஸை மூன்று மணி நேரத்தில் தீர்த்துவிடும். மூன்று மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம் உள்ள சாதாரண அறையில் இருக்கும் மொத்தக் காற்றே 24 அல்லது 25 கன மீட்டர்தான். கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டுத் தூங்கினால் நீங்கள் மூச்சுவிடும் காற்றில் பாதியை அந்தச் சுடர் மூன்று மணி நேரத்தில் தின்றுவிட்டு, எரிந்த கழிவை அதே அறையில் விடுகிறது. விடிய இன்னும் நேரம் இருக்கிறது.

இந்த மாதிரி ஹீட்டர்களில் ஆக்சிஜன் குறைந்தால் தானாக அணையும் ஏற்பாடு இருக்கும். சாதாரணக் காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் 18 சதவீதம் வாக்கில் இறங்கும்போது கேஸை நிறுத்திவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது கார்பன் மோனாக்சைடை அளப்பதில்லை. பர்னரில் தூசி அடைத்திருந்தால் ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போதே விஷவாயு உண்டாகும். அதை அந்தக் கருவி கண்டுகொள்ளாது.

காலையில் எழுந்து பார்க்கும்போது ஜன்னல் கண்ணாடி உள்பக்கம் வியர்த்து வழிகிறதா? சுவர் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கிறதா? நான் சொன்ன தண்ணீர் அதுதான். தண்ணீர் வெளியே போகாமல் தங்கினால் மற்ற கழிவும் போகவில்லை என்று அர்த்தம்.

புது வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். கூடத்தில் நிரந்தரமாக ஒரு கேஸ் ஹீட்டர் வைக்க ஆசை. எந்த வகை நல்லது?

சுவர் இன்னும் பூசாத நிலையில் கேட்டீர்கள் பாருங்கள், அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். குழாய்க்குள் குழாய் வைத்த வகையை வாங்குங்கள். எரியும் அறை கண்ணாடியால் முழுக்க மூடியிருக்கும். உள்குழாய் வழியாகப் புகை வெளியே போகும், அதைச் சுற்றியுள்ள வெளிக்குழாய் வழியாக வெளிக்காற்று உள்ளே வரும். உங்கள் அறைக் காற்றுக்கும் அந்தச் சுடருக்கும் சம்பந்தமே கிடையாது. சமையலறை விசிறி ஓடினாலும் கதவு அடைத்திருந்தாலும் அது பாட்டுக்கு எரியும். உயரமான புகைபோக்கியும் தேவையில்லை, வெளிச்சுவர் போதும்.

வெளியே குழாய் முடியும் இடத்தில்தான் பலர் தப்பு செய்கிறார்கள். திறக்கிற ஜன்னலுக்குக் கீழே வைத்தால் போன புகை திரும்ப வீட்டுக்குள் வரும். மூடிய பால்கனிக்குள்ளோ, இரண்டு சுவருக்கு நடுவே காற்றோட்டமில்லாத சந்திலோ வைத்தாலும் அப்படித்தான். ஜன்னலிலிருந்தும் தரையிலிருந்தும் எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று கையேட்டில் அளவு போட்டிருக்கும். ஒவ்வொரு தயாரிப்புக்கும் அது வேறுபடும், அதனால் நான் ஒரு எண்ணைச் சொல்லப் போவதில்லை. உங்கள் பெட்டியோடு வந்த தாளில் இருப்பதுதான் அளவு. குழந்தை கைவைக்கும் உயரத்தில் வந்தால் கம்பிவலை போடுங்கள், அந்த வாய் கொதிக்கும். பனி பெய்யும் இடமாக இருந்தால் பனி குவிந்து மூடாத உயரத்தில் வையுங்கள்.

ஐயா, பாட்டன் காலத்து வீட்டில் விறகுக்குக் கட்டிய செங்கல் புகைபோக்கி சும்மா கிடக்கிறது. கேஸ் ஹீட்டர் குழாயை அதில் செருகிவிடலாம் என்கிறார் கொத்தனார். சரிதானா?

அப்படியே செருகக் கூடாது. விறகுப் புகை மிகுந்த சூட்டோடு மேலே பாயும். கேஸ் ஹீட்டரின் புகையில் அவ்வளவு சூடு கிடையாது, ஈரம்தான் அதிகம். அகலமான பழைய செங்கல் கூண்டுக்குள் நுழைந்ததும் அது ஆறிப்போய், மேலே ஏறத் தெம்பில்லாமல் நடுவில் நின்றுவிடும். அதிலுள்ள ஈரம் சுவரில் படிந்து, லேசான அமிலமாகி, செங்கல் இடுக்கில் உள்ள சாந்தை அரிக்கும். சில வருடத்தில் உள்ளே உதிர்ந்து விழுந்து வழியை அடைத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

முதலில் அதை மேலிருந்து கீழ்வரை சுத்தம் செய்யுங்கள். நான் சுத்தம் செய்த புகைபோக்கிகளில் பறவைக் கூடு இல்லாதவை சொற்பம். அப்புறம் உங்கள் ஹீட்டருக்குப் பொருத்தமான விட்டத்தில் ஒரு உலோகக் குழாயை உள்ளே கடைசிவரை இறக்க வேண்டும். விறகடுப்பு இன்னும் அதே புகைபோக்கியில் எரிகிறது என்றால் இதை அதில் சேர்க்கவே கூடாது.

ஹீட்டரிலிருந்து புகைபோக்கி வரை போகும் குழாய் முடிந்தவரை குட்டையாக, வளைவு குறைவாக இருக்கட்டும். படுக்கையாகப் போகும் இடத்தில் ஒரு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டராவது ஏற்றம் வேண்டும், எங்கேயும் தொங்கக் கூடாது. ஹீட்டரின் வாய் எந்த அளவோ அதற்குக் குறைந்த குழாயைப் போடாதீர்கள். இணைப்புகளை டேப் சுற்றி ஒட்டுவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். சூட்டில் அந்தப் பசை காய்ந்து ஒரு நாள் கழன்று விழும். திருகு போட்டுத்தான் பிடிக்க வேண்டும். கூரைக்கு மேலே புகைபோக்கி மூன்று அடியாவது நீட்டிக்கொண்டு, பத்தடிக்குள் இருக்கும் எதைவிடவும் இரண்டடி உயர்ந்திருந்தால் காற்று புகையைத் திருப்பி அடிக்காது.

பொருத்தியவர் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் ராத்திரி சமைக்கும் நேரத்தில் எனக்கும் பிள்ளைகளுக்கும் தலைவலி வருகிறது. வெளியே போனால் விட்டுவிடுகிறது. டாக்டர் விரலில் மாட்டிப் பார்த்து ஆக்சிஜன் 99 என்றார்.

அம்மா, இந்த இதழ் கைக்கு வந்ததும் முதல் காரியமாக ஹீட்டரை அணையுங்கள். சரிபார்த்த பிறகுதான் திரும்ப ஏற்ற வேண்டும். உங்களுக்கு மட்டும் இந்தப் பதில் முன்பே தபாலில் வந்திருக்கும். மற்றவர்களுக்காக இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

நான் வேலைக்கு வந்த ஆறாவது வருடம், நாலு பேர் உள்ள ஒரு வீட்டில் புகைபோக்கியில் சேர்க்கும் இதே மாதிரி ஹீட்டர் பொருத்தினேன். காலை நேரம். வேலை செய்வதற்காக ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். எரியவிட்டுப் பார்த்தேன், புகை ஒழுங்காக மேலே போனது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அன்று ராத்திரி குளிர் தாங்காமல் அவர்கள் எல்லாவற்றையும் அடைத்தார்கள். சமையலறையில் பெரிய எக்ஸாஸ்ட் ஓடியது. அப்படிப்பட்ட விசிறி ஒரு மணி நேரத்தில் பல நூறு கன மீட்டர் காற்றை வெளியே தள்ளும். தள்ளிய அளவுக்குக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். எல்லாம் அடைத்த வீட்டில் திறந்திருந்த ஒரே வழி என் புகைபோக்கி. மேலே போக வேண்டிய புகையை அந்த விசிறி கீழே இழுத்தது.

சின்னப் பெண் வாந்தி எடுத்தாள். அப்புறம் அவள் அண்ணன். சாப்பாட்டில் ஏதோ கோளாறு என்று நினைத்தார்கள். அவளைத் தூக்கிக்கொண்டு அப்பா வாசலுக்கு வந்தபோது அவள் முகம் தெளிந்தது, அதில்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது. எல்லோரும் பிழைத்தார்கள். மறுநாள் நான் போய் எல்லா ஜன்னலையும் அடைத்து, விசிறியைப் போட்டு, ஒரு ஊதுபத்தியைக் குழாய் வாயில் காட்டினேன். புகை என் முகத்துக்கு நேரே வந்தது. முதல் நாளே இதைச் செய்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் இதைச் செய்யாமல் நான் வெளியே வந்ததில்லை.

நீங்களும் செய்யலாம். வெளிக்கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடையுங்கள். சமையலறை, குளியலறை விசிறிகள், துணி உலர்த்தும் இயந்திரம் இருந்தால் அதுவும் ஓடட்டும். ஹீட்டரைப் போட்டு பத்து நிமிடம் பொறுங்கள். ஹீட்டருக்கு மேலே குழாய் தொடங்கும் இடத்தில் திறந்த வாய் ஒன்று இருக்கும், டிராஃப்ட் ஹூட் என்போம். அதன் விளிம்பில் ஊதுபத்தியைப் பிடித்துச் சுற்றி நகர்த்துங்கள். புகை உள்ளே இழுபட வேண்டும். தயங்கினாலோ வெளியே தள்ளினாலோ உடனே ஹீட்டரை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறங்கள். அந்த அறைக்கு அடைக்க முடியாத காற்றுத் துவாரம் ஒன்று வெளிச்சுவரில் வேண்டும். ஏற்கெனவே துவாரம் இருந்தால் குளிர் வருகிறது என்று யாராவது துணியைத் திணித்திருக்கிறார்களா என்று பாருங்கள். எனக்கு வந்த புகார்களில் பாதி அந்தத் துணியில்தான் முடிந்தது.

விரலில் மாட்டும் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்த ரத்தமும் சிவப்பாகவே இருப்பதால் அந்தச் சின்னக் கருவி அதையும் ஆக்சிஜன் என்றே எண்ணிவிடும். 99 காட்டியது உங்களுக்கு ஆறுதல் இல்லை அம்மா. ரத்தம் எடுத்து கார்பாக்ஸி ஹீமோகுளோபின் அளவு பார்க்கச் சொல்லுங்கள், வீட்டில் கேஸ் ஹீட்டர் எரிகிறது என்பதை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். சும்மா காற்றை சுவாசித்தால் அந்த வாயு ரத்தத்தில் பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். ஆக்சிஜன் முகமூடி வைத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம். அதனால் தாமதிக்காமல் போவதே நல்லது.

கார்பன் மோனாக்சைடு அலாரத்தை மேலே மாட்டுவதா, கீழேயா?

இந்த வாயு ஏறக்குறைய காற்றின் எடைதான், அறை முழுக்கக் கலந்துவிடும். எனவே உயரத்தைவிட இடம் முக்கியம். தூங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒன்று கட்டாயம். ஹீட்டர் உள்ள அறையில் அதிலிருந்து ஒன்று முதல் மூன்று மீட்டர் தள்ளி இன்னொன்று. திரைக்குப் பின்னாலும் ஜன்னலை ஒட்டியும் வேண்டாம். 50, 70 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு வாயு) போன்ற குறைந்த அளவு ஒரு மணி நேரமாவது நீடித்தால்தான் பொதுவாக ஒலிக்கும். 300, 400 என்று ஏறினால் சில நிமிடத்திலேயே கத்தும். எனவே அது ஒலிக்கவில்லை என்பதற்காகத் தலைவலியை அலட்சியம் செய்யாதீர்கள். பின்பக்கம் காலாவதி வருடம் இருக்கும், பார்த்து மாற்றுங்கள்.

கேஸ் கசிவு அலாரம் வேறு. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும்; அதற்கான அலாரம் தரைக்கு அருகில். குழாயில் வரும் இயற்கை எரிவாயு லேசானது, அதற்குக் கூரையை ஒட்டி. சிலிண்டரை நிலவறையில் வைக்காதே என்று சொல்வதும் இதனால்தான்.

முன்பு குழாய் கேஸில் ஓடிய ஹீட்டரை வீடு மாறியபின் சிலிண்டரில் மாட்டினோம். சுடர் மஞ்சளாக நீண்டு எரிகிறது, கண்ணாடியில் கரி.

அணைத்துவிடுங்கள். ஒரே அளவு சிலிண்டர் கேஸில் குழாய் கேஸைப் போல இரண்டரை மடங்கு சூடு இருக்கிறது. அதற்குச் சின்னத் துளையுள்ள ஜெட், வேறு அழுத்தத்தில் வேலை செய்யும் ரெகுலேட்டர் எல்லாம் மாற்ற வேண்டும். தயாரித்தவர் கொடுக்கும் மாற்றுத் தொகுப்பு அந்த மாடலுக்கு இருந்தால் மட்டும் மாற்றலாம். இல்லையென்றால் அந்த ஹீட்டரை விட்டுவிடுங்கள். ஜெட்டைக் கம்பியால் குடைந்து சரிசெய்கிறேன் என்று வருபவரை உள்ளே விடாதீர்கள்.

பைலட் சுடர் பற்றுகிறது, கையை எடுத்தால் அணைந்துவிடுகிறது. பொத்தானை அழுத்தியபடி டேப் ஒட்டிவிடலாமா?

வேண்டவே வேண்டாம் தம்பி. பைலட் என்பது பெரிய பர்னரைப் பற்றவைக்கும் சின்னச் சுடர். அதில் நனையும் சின்னக் கம்பிதான் தெர்மோகப்பிள். சூடானதும் ஒரு வோல்ட்டில் நூற்றில் சில பங்கு மின்சாரம் உண்டாக்கி வால்வைத் திறந்து பிடித்திருக்கும். சுடர் அணைந்தால் மின்சாரமும் நிற்கும், கேஸும் நிற்கும். டேப் ஒட்டினால் சுடரில்லாமல் கேஸ் மட்டும் கொட்டும். அரை நிமிடமாவது அழுத்திப் பிடித்துப் பாருங்கள். அப்படியும் சுடர் நிலைக்காவிட்டால் கம்பி தேய்ந்திருக்கலாம் அல்லது பைலட் துளை அடைத்திருக்கலாம். மாற்றுவது சின்ன வேலை, ஆனால் தெரிந்தவர் செய்யட்டும்.

ஆளைக் கூப்பிட்டு வேலை கொடுத்தால் அவர் சரியாகச் செய்தாரா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

உரிமம் உள்ளவரா என்று முதலில் கேளுங்கள். வேலை முடிந்ததும் உங்கள் கண்முன்னே ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவச் சொல்லுங்கள், குமிழி வரக் கூடாது. தீக்குச்சி காட்டிப் பார்ப்பவர் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். ஹீட்டருக்குப் பக்கத்திலேயே கைக்கு எட்டும்படி அடைப்பு வால்வு இருக்கிறதா, வீட்டில் உள்ள எல்லோருக்கும் அதை மூடத் தெரியுமா என்று பாருங்கள். கேஸ் அழுத்தத்தை அளந்து அந்த அளவை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கடைசியாக, ஜன்னல் எல்லாம் அடைத்து விசிறி எல்லாம் போட்டு அந்தப் புகைச் சோதனையைச் செய்யாமல் அவரை அனுப்பாதீர்கள். அவர் மறந்திருப்பார், ஊதுபத்தியை நீங்களே எடுத்து வையுங்கள்.