ஒரே அளவு மருந்து, ஒருவர் மட்டும் ஏன் முன்னதாக வீட்டுக்குப் போனார்?

கேள்வி: தைராய்டு புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் அம்மாவுக்கு 100 மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். பக்கத்து அறையில் இருந்த பெண்மணிக்கும் அதே நாள், அதே 100. அவர் இரண்டாம் நாளே கிளம்பிவிட்டார். அம்மாவை மூன்றாம் நாள் மாலைதான் அனுப்பினார்கள். நடுவில் ஒருவர் கதிர்வீச்சை அளக்கும் மீட்டரோடு வந்து, வாசலில் நின்று எண்ணைக் குறித்துக்கொண்டு போவார். அம்மாவுக்கு நோய் அதிகமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: மீட்டரோடு வந்து நிற்கும் அந்த வேலையைத்தான் இருபது வருடங்களாக நான் செய்கிறேன். நான் மருத்துவ இயற்பியலாளர். அந்த எண் போதுமான அளவு இறங்கிய பிறகுதான் வீட்டுக்கு அனுப்புவோம். ஒருநாள் தாமதமாக அனுப்பியதை வைத்து மட்டும் நோய் அதிகம் என்று சொல்லவே முடியாது.

கணக்குப் போடும்போது உடம்பைச் சில தொட்டிகளாக வரைந்துகொள்வோம். வயிறு, ரத்தம், சிறுநீரகம், உமிழ்நீர்ச் சுரப்பிகள், அறுவைக்குப் பிறகும் கழுத்தில் மிச்சமிருக்கும் தைராய்டு திசு. இவற்றை இணைக்கும் ஒவ்வொரு குழாயிலும் மணிக்கு எத்தனை பங்கு ஓடுகிறது என்று ஓர் எண் போடுவோம். விழுங்கிய அயோடின் வயிற்றிலிருந்து ரத்தத்துக்கு வரும். கொஞ்சத்தைத் தைராய்டு திசு பிடித்துக்கொள்ளும், பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். உமிழ்நீர்ச் சுரப்பி கொஞ்சம் இழுக்கும், அது உமிழ்நீரோடு வயிற்றுக்கே திரும்பி மறுபடி ரத்தத்தில் கலக்கும். சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு வாய் வறண்டு போவது, இப்படி அந்தச் சுரப்பியிலும் கதிர்வீச்சு படுவதால்தான்.

அயோடின்-131, அதாவது இந்தக் கதிரியக்க அயோடின், தானாகவே 8 நாளில் பாதியாகும், அதை யாராலும் மாற்ற முடியாது. உடம்பு வெளியேற்றும் வேகம் தனி. இரண்டும் ஒரே சமயத்தில் நடப்பதால் உண்மையான அரை ஆயுள் (பாதியாக ஆகும் நேரம்) இரண்டையும் விடக் குறைவாக வரும். உடம்பு 12 மணி நேரத்தில் பாதியை வெளியேற்றுகிறது என்றால், சேர்த்துப் பார்க்கும்போது 11 மணி சொச்சம். நல்ல தைராய்டோ 80 நாள் வரை பிடித்து வைத்திருக்கும். அங்கே கூட்டுக் கணக்கு 7 நாளைத் தாண்டும்.

சரி, உங்கள் அம்மாவுக்கு ஏன் தாமதம்? நான் முதலில் கேட்பது, தைராய்டு மாத்திரையைச் சில வாரங்கள் நிறுத்திவிட்டு வந்தாரா என்றுதான். ஹார்மோன் குறைந்தால் சிறுநீரகமும் மெதுவாக வேலை செய்யும், அயோடின் வெளியேறவும் நேரமாகும். மாத்திரையை நிறுத்தாமல் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குச் சீக்கிரம் இறங்கிவிடும். பக்கத்து அறைப் பெண்மணி ஊசி போட்டவராக இருக்கலாம். வயது, சிறுநீரகத்தின் நிலை, எவ்வளவு தண்ணீர் குடித்தார், கழுத்தில் எவ்வளவு திசு மிச்சம் என்பதெல்லாமும் சேரும். இதை உங்கள் டாக்டரிடமே கேட்டுவிடுங்கள், கோப்பில் எல்லாம் இருக்கும்.

அந்த மீட்டர் எண்ணைப் பற்றியும் சொல்கிறேன். தரையில் ஒட்டிய கோட்டில் நோயாளி நிற்பார், குறித்த தூரத்தில் நான். மருந்து விழுங்கியபின், முதல்முறை சிறுநீர் கழிப்பதற்கு முன்பே ஓர் அளவு எடுத்துவிட வேண்டும். அதுதான் 100 சதவீதம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவரை அதற்குள் கழிப்பறைக்குப் போக விட்டுவிட்டேன். என் 100 ஏற்கெனவே குறைந்த 100 ஆகிவிட்டது. அடுத்தடுத்து எடுத்ததெல்லாம், உடம்பில் நிஜமாக இருந்ததைவிட அதிகம் தங்கியதுபோலக் காட்டின. அந்தப் பெரியவரின் கணக்கு இன்றும் மனதை உறுத்துகிறது. அதற்குப் பிறகு யாரிடமும் அதைச் சொல்லாமல் மாத்திரையைக் கொடுத்ததில்லை.

கேள்வி: நுரையீரலுக்குப் பரவியிருந்தால் ஒரேயடியாக அதிக அளவு கொடுத்து முடித்துவிட முடியாதா?

பதில்: கட்டியைத் தாக்குவது இந்த அயோடின் வெளிவிடும் பீட்டா கதிர், திசுவில் அது ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் போகாது. ஆனால் ரத்தத்தில் சுற்றும் அயோடின் எலும்பு மஜ்ஜையையும் தொடும், நுரையீரலில் நிறையத் தங்கினால் நுரையீரலே தழும்பாகிவிடும். 1962-இல் பெனுவா என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் வகுத்த எல்லையை இன்றும் மருத்துவர்கள் பார்க்கிறார்கள்: ரத்தத்துக்கு 2 கிரே (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அலகு) தாண்டக்கூடாது, நுரையீரல் முழுக்கப் பரவியிருந்தால் 48 மணி நேரத்தில் உடம்பில் 80 மில்லிகியூரிக்கு மேல் தங்கக்கூடாது. இதற்காகவே முதலில் சின்ன அளவு கொடுத்து, சில நாட்கள் ரத்தத்தையும் உடம்பையும் அளந்து, அந்த ஒருவருக்கான வேகங்களைக் கண்டுபிடித்துவிட்டுப் பெரிய அளவை முடிவு செய்யும் வழி இருக்கிறது. எல்லா இடத்திலும் செய்வதில்லை. பரவிய நோய்க்குச் செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

கேள்வி: சிகிச்சைக்கு முன்பு உணவில் அயோடினைக் குறைக்கச் சொல்கிறார்கள். இத்தனூண்டு உப்பு என்ன செய்துவிடும்?

பதில்: 100 மில்லிகியூரி அயோடின்-131-இன் எடை 1 மைக்ரோகிராமுக்கும் குறைவு. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான சாதாரண அயோடினே 150 மைக்ரோகிராம். தைராய்டு செல்லுக்கு இது வேறு, அது வேறு என்று தெரியாது, ஒரே வாசல்தான். அதனால்தான் ஒன்றிரண்டு வாரம் அந்த உணவுக் கட்டுப்பாடு. அப்புறம் ஒன்று, அண்மையில் கான்ட்ராஸ்ட் ஊசி (படம் தெளிவாகத் தெரியப் போடுவது) போட்டு சிடி ஸ்கேன் எடுத்திருந்தால் தேதியோடு டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அந்த ஊசியில் அயோடின் கிராம் கணக்கில் இருக்கும், சிகிச்சையையே சில வாரங்கள் தள்ளிவைக்க வேண்டி வரலாம்.