படகு கிளம்பும் முன்

அன்புள்ள அண்ணா,

வணக்கம்ங்க. எனக்குத் தெரிந்த தண்ணீர் தடப்பள்ளி வாய்க்கால் மட்டும்தான். நவம்பரில் ஸ்பெயினின் கனாரித் தீவுகளில் உள்ள லாஸ் பால்மாஸிலிருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டி, கரீபியன் தீவான செயின்ட் லூசியாவுக்குப் பல படகுகள் சேர்ந்து போகும் ஆர்க் என்ற பாய்மரப் படகுப் பயணத்தில், நாலு பேர் போகும் ஒரு படகில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. பத்து நாள் முன்னாடியே வந்துவிடச் சொல்கிறார் படகை நடத்தும் ஸ்கிப்பர். கடலே தெரியாத நான் அத்தனை நாள் துறைமுகத்தில் என்ன செய்வது? பாரமாக இருப்பேனோ என்று தயக்கமாக இருக்குதுங்க.

வாசகர், கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள நண்பருக்கு,

பத்து நாள் போதாது. கிளம்புமுன் துறைமுகத்தில் செய்கிற வேலையில் முக்கால்வாசிக்குக் கடல் தெரிய வேண்டியதில்லை, மளிகைக் கணக்குத் தெரிந்தால் போதும். 1986-ல் தொடங்கிய இந்தப் பயணத்தின் தூரம் சுமார் 2,700 கடல் மைல். மணிக்கு ஐந்தரை கடல் மைல் போனால் 21 நாள் ஆகும். 28 நாளுக்குச் சாமான் ஏற்றுங்கள். குடிக்க, சமைக்க ஆளுக்கு நாளைக்கு 3 லிட்டர் என்றால் நாலு பேருக்கு 336 லிட்டர் தண்ணீர். அதில் பாதியையாவது தொட்டியில் ஊற்றாமல் கேன்களில் வையுங்கள். தொட்டி ஒழுகலாம், உப்பு ஏறலாம். கடல்நீரைக் குடிநீராக்கும் கருவியும் கரண்ட் இல்லாவிட்டால் நின்றுவிடும்.

அட்டைப்பெட்டி ஒன்றுகூடப் படகுக்குள் போகக் கூடாது, மடிப்புகளில் கரப்பான் முட்டை ஒட்டியிருக்கும். எல்லாவற்றையும் துறை மேடையிலேயே பிரித்து, காய்கறியைக் கழுவி, ஈரம் போக உலர்த்தி ஏற்ற வேண்டும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே வலையில் போடாதீர்கள். வாழைத்தாரைப் படகின் பின்புறம் கட்டித் தொங்கவிடுவது போட்டோவுக்கு நன்றாக இருக்கும். மொத்தத் தாரும் ஒரே சமயத்தில் பழுத்துவிடும். முட்டைக்கோஸும் காய்த்தக்காளியும் நாள் தாங்கும். ஃப்ரிட்ஜில் வைக்காத முட்டையாகப் பார்த்து வாங்குங்கள். எந்த இருக்கைக்கு அடியில் எது, எவ்வளவு என்று நோட்டில் எழுதி, எடுக்க எடுக்க அடித்துக்கொண்டே வர வேண்டும். அந்த நோட்டை வைத்திருப்பவரைப் படகில் யாரும் பாரம் என்று சொல்ல மாட்டார்கள்.

சமையலுக்குக் குக்கர்தான் சரி. மூடி பூட்டிக்கொள்வதால் படகு சாய்ந்தாலும் கொட்டாது, கேஸும் மிச்சம். நம்ம அரிசிம்பருப்பு சாதம் இதற்குத் தோதானது. ஆனால் பாதிக் குக்கருக்கு மேல் போடாதீர்கள். அடுப்பு ஊஞ்சல் போல ஆடிச் சமன்செய்துகொள்ளும். ஆனாலும் கடாயில் எண்ணெய் காயவைத்துத் தாளிக்கிற வேலை மட்டும் வேண்டாம். நடுக்கடலில் வெந்த காயத்துக்கு ஆஸ்பத்திரி கிடையாது.

கிளம்புமுன் பாதுகாப்புச் சாதனங்களைப் பரிசோதிக்க ஆள் வருவார்கள். அவர்களுக்கு முன்னால் உங்கள் லைஃப் ஜாக்கெட்டை நீங்களே பிரித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும், ஜாக்கெட்டை ஊதவைக்கும் கேஸ் சிலிண்டர் அதிர்வில் மரை கழன்று தளர்ந்திருக்கலாம், அதைக் கையால் இறுக்க வேண்டும். சிலிண்டரைத் தராசில் வைத்து, அதன்மேல் பொறித்த எடைக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கால்களுக்கு நடுவே வரும் பட்டையை மாட்டாவிட்டால், தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே ஏறி முகத்தை அமுக்கும்.

முதல் ராத்திரிதான் சோதனை. லாஸ் பால்மாஸ் இருக்கும் கிரான் கனாரியா தீவின் ஓரத்தைத் தாண்டும்போது தீவுகளுக்கு நடுவே நெருக்கப்பட்ட காற்று சட்டென்று வேகம் எடுக்கும், அலையும் குறுக்கே வரும். அந்த நேரத்தில்தான் வாந்தி தொடங்கும், பழகினவர்களுக்கும்தான். வாந்தி மாத்திரையை டாக்டரிடம் கேட்டு ஊரிலேயே ஒருநாள் போட்டுப் பாருங்கள், சிலருக்குத் தூக்கம் தள்ளும். கிளம்புவதற்கு முந்தின நாள் விருந்துக்குப் போனால் சீக்கிரம் திரும்பிவிடுங்கள். ராத்திரி உங்கள் காவல் முறைக்குக் கால்மணி நேரம் முன்பே எழுந்து, வெளியே தலை நீட்டுமுன் உங்களைப் படகோடு பிணைக்கும் ஹார்னெஸ் வாரின் கொக்கியை மாட்டிவிடுங்கள்.

காற்று பின்னாலிருந்து வரும்போது பெரிய பாயின் அடிக்கம்பமான பூம் திடீரென்று மறுபக்கம் வீசினால் மண்டை உடையும். அதைத் தடுக்க பூம் நுனியிலிருந்து படகின் முனை வழியாக ஒரு கயிறு கட்டுவார்கள், பிரிவென்டர் என்று பெயர். நாள்கணக்கில் ஒரே இடத்தில் உரசினால் எந்தக் கயிறும் அறுந்துவிடும். தினமும் காலையில் எல்லாக் கயிற்றையும் பார்த்து, கப்பியில் உரசும் இடத்தை ஒரு சாண் தள்ளிக் கட்டச் சொல்லுங்கள்.

பெட்டி வேண்டாம், மடித்து வைக்கிற துணிப்பை போதும். ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவில் போகிறவர் படகில் வெளியேறும்போது, வெளியேறிய பதிவு ஏறியதா என்று ஸ்கிப்பரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். திரும்பும் டிக்கெட்டை 21-ஆம் நாளுக்குப் போடாதீர்கள், ஒரு வாரமாவது தள்ளிப் போடுங்கள்.